சுவரில் எழுதிய விலாசம்

கடையநல்லூர்த் தெருக்களில், சிங்கப்பூருக்குப் போன தகப்பனின் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்நோக்கி நின்ற வீடுகள் ஒன்றிரண்டல்ல; 1941-இலேயே அங்கே ‘சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்’ என்ற சங்கத்தை ஸ்தாபிக்கும் அளவுக்கு நம்மூரார் அந்நகரில் வேரூன்றியிருந்தார்கள். இன்று அங்குள்ள உறவினரின் விலாசத்தில் தெருப் பெயருக்கும் முன்னால் நிற்பது ‘புளோக்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும். அவ்வெண், புளோக் எனப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சுவரிலேயே பிரம்மாண்டமாக எழுதப்பட்டிருக்கும்.

1960-இல் சிங்கப்பூரில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குடிசைகளிலும் நெருக்கமான கடைவீடுகளிலும் வாழ்ந்த ஜனங்களுக்கு விரைவாகவும் சொற்பச் செலவிலும் வீடு கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தத்தினால், ஒரே மாதிரியான வரைபடத்தைத் திரும்பத் திரும்பக் கையாண்டு கட்டியபடியால், ஒரு புளோக்குக்கும் அடுத்ததற்கும் உருவத்தில் பேதமில்லாமற் போயிற்று. முன்னும் பின்னும் நடைபாதைகளும் ஜன்னல்களும் துணி உலர்த்தும் கழிகளும் அடைத்துக்கொள்ள, நீண்ட கட்டடத்தின் இரு கோடிகளிலும் இருந்த பக்கச் சுவர்களே எண்ணுக்கு இடம் கொடுத்தன. தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என்ற நான்கு ஆட்சிமொழிகளில் எதைப் படித்தவரும், எதையுமே படிக்காமல் எண்ணை மட்டும் அறிந்த பாட்டியும், பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அதைக் கண்டு வீடு சேரலாம். இத்தனை எளிய சாதனம் இத்தனை உபகாரம் செய்வது அபூர்வம்.

அந்த எண்ணுக்குள் ஒரு கிரமமும் உண்டு. அங் மோ கியோ போன்ற புதுநகரங்களில் நூறாமிடத்து இலக்கம் பேட்டையைக் குறிக்கும். 724 என்றால் ஏழாம் பேட்டை. 1995-இல் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வந்தபோது அதுவே கடைசி மூன்று இலக்கமாக அமைந்து 560724 ஆயிற்று. பழைய எண்களுக்கு நடுவே புதிய கட்டடம் எழுந்தால் எழுத்தொன்று சேர்ப்பார்கள்: நம்மூரார் திரளாக வாழ்ந்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில், 2009-இல் கட்டி முடித்த ஐம்பது மாடிக் கோபுரங்கள் ஏழும் 1ஏ முதல் 1ஜி வரை பெயர் பெற்றன.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பராமரிப்பு நகர மன்றங்களின் பொறுப்பாகிவிட்டமையால், எண்களின் வர்ணமும் வடிவமும் பேட்டைக்குப் பேட்டை மாறுகின்றன. சுவரின் நிறத்தோடு கலந்து மங்கிவிடும் எண், எத்தனை சௌந்தரியமாயிருப்பினும், பிழையானதே.

அக்கரைச் சம்பாத்தியத்தில் இங்கே மாடி எழுப்பும் அன்பர்கள், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கதவு மூலையில் சிறிதாக எழுதி வைக்காமல், நடப்பிலுள்ள எண்ணைத் தெருமுனையிலிருந்தே தெரியும்படி சுவரில் பெரிதாக எழுதுவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.