போனைப் பூட்டும் பை

அமெரிக்காவில் பெரிய ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிகளிலும் சில இசைக் கச்சேரிகளிலும் வாசலில் ஒரு வேலை கூடியிருக்கிறது. டிக்கெட்டை ஸ்கேன் செய்ததும் ஊழியர் கையளவுப் பை ஒன்றை நீட்டுகிறார். போனை வைப்ரேஷனில் போட்டு, ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் அதையும் கழற்றி, பைக்குள் வைக்க வேண்டும். மூடியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பை நம்மிடமே இருக்கும். நிகழ்ச்சி முடியும்வரை போன் மடியிலேயே கிடந்தாலும் திரையைத் தொட முடியாது. 2014-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கிவைத்த இந்த முறை, அடுத்த பத்தாண்டுகளில் அரங்குகளைத் தாண்டி நீதிமன்றங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விட்டது. இது சுதந்திரத்தைப் பறிக்கும் செயல் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால், போன் இல்லாத அரங்குக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இப்போதைக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பையின் உடல் நியோப்ரீன் என்ற தடித்த ரப்பர் துணி. கடலுக்குள் முக்குளிப்பவர்களின் உடையும் இதில்தான் தைக்கப்படுகிறது. வாய்ப்பகுதியில் ஒருபுறம் உலோக ஊசி, மறுபுறம் அந்த ஊசியைப் பிடித்துக்கொள்ளும் வட்டப் பூட்டு. துணிக்கடையில் சட்டையிலும் புடவையிலும் மாட்டியிருக்கும் திருட்டுத் தடுப்பு டேக், பில் போடும் மேசையில் ஒரு வட்டின் மேல் வைத்ததும் கழன்றுவிடும். அதே தத்துவம்தான் இங்கும். அத்தகைய டேக்குகளில் ஊசியின் கழுத்தைச் சின்னஞ்சிறு உலோகக் குண்டுகள் கவ்வியிருக்கும். அவை நழுவாதபடி ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். வலுவான காந்தத்தை அருகே கொண்டுவந்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுபட்டு, குண்டுகள் தளர்ந்து, ஊசி விடுபடும். அரங்கிலிருந்து வெளியே வரும் வழியில் இப்படியொரு காந்த வட்டு வைத்திருப்பார்கள். அதன் மேல் பையைத் தட்டினால் திறந்துவிடும். பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. பை சிக்னலையும் தடுப்பதில்லை. அழைப்பு வந்தால் மடியில் அதிர்வு தெரியும். பேசியே ஆகவேண்டிய அழைப்பு என்று தோன்றினால் எழுந்து முன்கூடத்துக்குப் போய், பையைத் திறந்து, பேசி முடித்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு வந்து உட்காரலாம். போனோடு இணைந்த சர்க்கரை அளவுக் கருவி போன்றவற்றை நம்பியிருப்பவர்களுக்குப் பூட்டில்லாமல் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்த பை தரும் ஏற்பாடும் உண்டு.

2022 டிசம்பரில் வந்த நீதிமன்ற உத்தரவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கோயில்களில் போனை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்குவது நமக்குப் பழகிய ஒன்று. அங்கே நம் பொருள் இன்னொருவர் கைக்குப் போகிறது. திரும்பி வரும்வரை அது பத்திரமாக இருக்குமா என்ற நினைப்பு மனதின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும்; வெளியே வந்ததும் மறுபடி வரிசை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறும் கச்சேரி அரங்கில் இந்த முறை சரிப்பட்டு வராது. போன் உரியவரிடமே இருப்பதுதான் பையின் முதல் பலம்.

இரண்டாவது பலம் கொஞ்சம் விசித்திரமானது. இந்தப் பூட்டு உறுதியானதே அல்ல. ஆன்லைனில் கிடைக்கும் வலுவான காந்தம் இருந்தால் வீட்டிலேயே திறந்துவிடலாம். கத்தரிக்கோல் இருந்தால் துணியை வெட்டிவிடலாம். அப்படியும் அரங்குகளில் பெரும்பாலோர் அதைத் திறக்க முயல்வதில்லை. இருட்டில் ஒருவர் போனைத் தூக்கினால் பின்னால் இருப்பவர் கண்ணில் படுவது மேடை அல்ல, அந்தத் திரைதான். அவர் தன் போனை எடுக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர் எடுக்கிறார். ‘நான் மட்டும் எடுக்காமல் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணம் நல்லவர்களையும் இழுத்துவிடும். எல்லோர் போனும் ஒரே நேரத்தில் பைக்குள் போனால் இந்தத் தொற்று தொடங்குவதற்கே இடமில்லை. பெர்லின் நகரத்து இரவு நடன மன்றங்களில் பூட்டும் இல்லை, பையும் இல்லை. வாசலில் போன் கேமராவின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். நகத்தால் கீறினாலே உரிந்துவிடும் அந்தக் காகிதத்துண்டுக்கு அங்கே மரியாதை இருக்கிறது. பையும் அப்படித்தான். அது எல்லோரும் எல்லோருக்கும் கண்ணெதிரே கொடுத்துக்கொள்ளும் வாக்கு.

அந்த வாக்கு யாருக்கு அவசியம் என்பதைக் காமெடி மேடையில் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சி எழுத்து மேசையில் உருவாவதில்லை. சின்னச் சின்ன கிளப்புகளில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அரைகுறை நகைச்சுவைகளைச் சொல்லிப் பார்த்து, எந்தச் சொல்லுக்குச் சிரிப்பு வருகிறது, எந்த இடத்தில் அரங்கு முகம் சுளிக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் செதுக்குவதுதான் அந்தத் தொழில். பார்வையாளரும் அந்தப் படைப்பில் பங்காளி. இந்தப் பட்டறையிலிருந்து முப்பது விநாடி வீடியோ வெளியே போனால் நஷ்டம் இரண்டு. எதிர்பாராமையில் உயிர்வாழும் நகைச்சுவை அடுத்த ஊருக்குப் போகும்போது ஏற்கெனவே கேட்டதாகிவிடும். அதைவிட மோசம், கழித்துக்கட்டப்பட வேண்டிய ஒரு தவறான வரி, அந்தக் கலைஞரின் இறுதிக் கருத்தாக உலகத்துக்கு முன் நிற்கும். முன்னும் பின்னும் என்ன சொன்னார் என்று யாரும் தேடப்போவதில்லை. தவறு செய்ய இடமில்லாத மேடையில் யாரும் புதிதாக எதையும் முயலமாட்டார்கள். கைதட்டல் உறுதியான பழைய சரக்கையே திரும்பத் திரும்ப விற்பார்கள். பார்வையாளருக்கும் இதில் இழப்பு உண்டு. தான் சிரிப்பது பக்கத்துப் போனில் பதிவாகிறது என்று தெரிந்தவர் மனம்விட்டுச் சிரிப்பதில்லை.

படம் எடுத்தால்தானே நினைவாக வைத்திருக்க முடியும் என்பவர்களுக்கு ஒரு ஆய்வு பதில் சொல்கிறது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்களிடம் சில பொருள்களைப் படமெடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் சோதித்தபோது, முழுதாகப் படமெடுத்த பொருள்களைவிட வெறும் கண்ணால் பார்த்தவையே நன்றாக நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படமெடுத்தபோது இந்த இழப்பு ஏற்படவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. கவனத்தோடு எடுக்கும் படம் நினைவைக் கெடுப்பதில்லை. ஆனால் தலைக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்து ஒரு பாட்டு முழுவதையும் பதிவு செய்பவரின் கவனம் பாட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி.

பள்ளிக்கூடங்களின் அனுபவம் வேறு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பள்ளிகள் இதே பைகளை வாங்கின. பையைத் தரையில் அடித்துப் பூட்டை உடைப்பது, காந்தம் வாங்கி வைத்துக்கொள்வது, பழைய போன் ஒன்றைப் பைக்குள் போட்டுவிட்டு உண்மையான போனைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது என்று மாணவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டதாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. அதே துணி, அதே காந்தம். அரங்கத்துக்கு வருபவர் நிபந்தனை தெரிந்து டிக்கெட் வாங்கி, ஒரு மாலைப் பொழுதுக்கு ஒப்புக்கொண்டு வருகிறார். மாணவருக்கு அது தினமும் விதிக்கப்படும் கட்டளை. சம்மதம் இல்லாத இடத்தில் இந்தப் பூட்டுக்குச் சொந்த பலம் எதுவும் கிடையாது. அப்படியே இருப்பதுதான் நல்லது.

காரணம், உறுதியான பூட்டுகள் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. முதலாவது ஜாமர். அரங்கில் சிக்னலையே கொன்றுவிடும் கருவி. அவசர அழைப்பையும் சேர்த்தே அது அடைத்துவிடும் என்பதால் அமெரிக்காவில் தனியார் அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். இந்தியாவிலும் அரசு அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. போதாக்குறைக்கு, சிக்னல் இல்லாவிட்டாலும் கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது உதாரணம்தான் கவலைக்குரியது. 2016-ல் ஒரு பெரிய போன் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை ஒன்று கிடைத்தது. மேடை அருகிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் ஒரு குறியீட்டை அனுப்பினால், அதைப் பெறும் போன் தன் கேமராவின் பதிவு வசதியைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். அரங்கத்துக்கு இது வசதிதான். வரிசை இல்லை, பை இல்லை, ஊழியர் இல்லை. அது நடைமுறைக்கு வந்து பரவவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை. பெற்றோர் பிள்ளையின் போனையும் அலுவலகம் ஊழியரின் போனையும் தொலைவிலிருந்து முடக்கும் மென்பொருள்கள் இன்று சாதாரணமாகிவிட்டன. டிக்கெட்டே ஆப்பில் வரும் காலத்தில், ‘நிகழ்ச்சி நேரத்தில் கேமராவை நிறுத்திவைக்க அனுமதி தருக’ என்று அந்த ஆப் ஒரு வரி சேர்த்துக் கேட்பதற்கு வெகுதூரம் இல்லை.

அந்த அனுமதியைக் கொடுத்துப் பழகிவிட்டால் அது அரங்கத்தோடு நிற்குமா? 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் மாலை நேரத்தில் காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் ஒரு கறுப்பின மனிதரின் உயிர் பிரிந்ததை, 17 வயதுப் பெண் ஒருவர் தெருவில் நின்று போனில் பதிவு செய்தார். உலகமே அதைப் பார்த்தது. நீதிமன்றத்தில் அது முக்கியச் சாட்சியமாகி, கொலைக் குற்றம் உறுதியானது. மேடையிலிருந்து கேமராவை அணைக்கும் கதிர், தெருவில் நிற்கும் வாகனத்திலிருந்தும் அணைக்கும். யார் எப்போது அணைத்தார் என்பது போனை வைத்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம். பையால் இந்த அநியாயத்தைச் செய்ய முடியாது. யார் போன் பூட்டப்பட்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அரங்கின் வாசலைத் தாண்டினால் அதற்கு அதிகாரம் இல்லை. உள்ளே இருக்கும் போனில் என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதும் இல்லை.

தீ விபத்தோ நெரிசலோ ஏற்பட்டால் பூட்டிய போனோடு மக்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களின் பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. அதற்குப் பொறுப்பு பையைக் கொடுக்கும் அரங்குதான். ஒவ்வொரு வெளிவாசலிலும் காந்த வட்டும் அதைக் கையாளத் தெரிந்த ஊழியரும் இருக்க வேண்டும். முன்வாசலில் மட்டும் ஒன்றை வைத்துவிட்டு ஆயிரம் பைகளைப் பூட்டுவது குற்றம். வளர்ந்தவர்களைக் குழந்தைகள்போல் நடத்துகிறார்கள் என்ற மனக்குறையும் உண்டு. அப்படி நினைப்பவருக்கு அந்த நிகழ்ச்சிக்குப் போகாமல் இருக்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தவும் செய்யலாம்.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போன் இல்லாத நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது, திறக்கும் வட்டுகள் எந்தெந்த வாசலில் இருக்கின்றன, மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பையைக் கொடுத்தால் போனைத் தயங்காமல் உள்ளே வையுங்கள். பைக்குப் பதிலாகப் போனுக்குள் ஒரு ஆப்பைப் போட்டுக் கேமராவுக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டால், டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை, மறுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.