புதிய மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றும் இடர்ப்பாடுகள்

ஊர்தோறும் சென்று பணியாற்றும் விரிவாக்க அலுவலர், கால்நடை உதவியாளர், சுகாதாரப் பணியாளர், பேருந்து எட்டாத ஊர்ப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர் ஆகியோருக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஒரு பணிக்கருவியாகவே ஆகிவிட்டது. புதிதாக வாங்கிய வண்டியைப் பற்றி இவர்கள் முதன்முதலாகக் கூறும் குறை, பெரும்பாலும் கியரைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். முதல் கியர் 'டக்' என்ற பேரொலியுடன் விழுகிறது. நாற்சந்தியில் நிற்கும்போது நியூட்ரல் அகப்படுவதில்லை. மேட்டில் ஏறுகையில் இரு கியர்களுக்கு இடையே வண்டி இழுவையின்றி ஓடுகிறது. இவற்றைக் கண்டவுடன் கியர்ப் பெட்டி கெட்டுவிட்டது என்றே உரிமையாளர் எண்ணிவிடுகிறார். புதிய வண்டியில் அவ்வாறு நேர்வது அரிது. குறை பெரும்பாலும் கியர்ப் பெட்டிக்கு வெளியே, கிளச்சிலோ, எண்ணெயிலோ, மிதியின் அமைப்பிலோ, ஓட்டுபவரின் பழக்கத்திலோ இருக்கும்.

இதனை அறியாமையால் நேரும் இழப்பு சிறிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் மத்தியப் பிரதேசத்தில் நான் அறிந்த கால்நடை உதவியாளர் ஒருவர், வாங்கி மூன்று திங்களே ஆன தம் வண்டியை ஒரு பட்டறையில் விட்டார். நியூட்ரல் விழவில்லை என்பதே அவர் முறையீடு. எஞ்சினைப் பிளந்து உள்ளுறுப்புகளை மாற்றவேண்டும் என்று அங்கே கூறினர். மழைக்கு முந்திய தொண்டை அடைப்பான் தடுப்பூசிப் பணி நடந்துகொண்டிருந்த வேளை அது. உதிரி உறுப்புகளுக்காகக் காத்திருந்ததில் பத்து நாட்கள் கழிந்தன. தடுப்பு மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் பிறர் வண்டிகளை எதிர்பார்த்து நின்றார். இறுதியில் வேறொரு தொழிலாளி கிளச்சு கேபிளின் தளர்வைச் சரிசெய்தவுடன் குறை நீங்கிற்று. அதற்கு ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமுமே செலவாயின.

கியர்ப் பெட்டியில் நிகழ்வது யாது?

கியர் மாற்றும்போது ஒரு பற்சக்கரம் விலகி மற்றொன்று வந்து பொருந்துகிறது என்று பலர் நினைக்கின்றனர். இக்கால மோட்டார் சைக்கிள்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. இரண்டு அச்சுத்தண்டுகளின்மேல் பற்சக்கரங்கள் இணை இணையாக அமைந்து, எப்பொழுதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தண்டோடு சேர்ந்து சுழலும். மற்றது தண்டின்மேல் தளர்வாகச் சுழலும். தளர்வான சக்கரத்தின் பக்கத்தில் துளைகளும், அதற்கு அடுத்துள்ள சக்கரத்தின் பக்கத்தில் பருத்த முளைகளும் உண்டு. நாம் மிதியை அழுத்தும்போது உள்ளே காடிகள் வெட்டப்பட்ட ஓர் உருளை சிறிதளவு திரும்புகிறது. அக்காடிகளில் பொருந்திய கவைகள் பக்கவாட்டில் நகர்ந்து, முளைகளைத் துளைகளுக்குள் செலுத்துகின்றன. அப்பொழுது தளர்வான சக்கரமும் தண்டோடு இணைகிறது. கியர் விழுவது என்பது இதுவே.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். முளையின்மேல் சுமை இருக்கும்வரை அது துளையிலிருந்து எளிதில் கழலாது என்பது ஒன்று. காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது தாழ்ப்பாளை இழுத்தால் வருவதில்லை. கதவை எதிர்ப்புறமாகச் சற்றே தள்ளிப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வகுப்பறைக் கதவைக்கொண்டே ஆசிரியர்கள் இதனை மாணவருக்குக் காட்டலாம். கிளச்சு செய்வது அக்கையின் வேலையை. வண்டி அசையாமல் நிற்கும்போது முளை துளைக்கு நேராக அமையாமல் துளையின் விளிம்பிலேயே முட்டிக்கொள்ளவும் கூடும் என்பது மற்றொன்று. இதனைப் பழுதாகக் கொள்ளுதல் ஆகாது. வண்டியை முன்னும் பின்னும் ஓர் அடி அசைத்தாலோ, கிளச்சைச் சற்றே விட்டு மீண்டும் பிடித்தாலோ முளை தன் இடத்தை அடைந்துவிடும். இவ்வேளையில் மிதியைக் காலால் உதைப்பவர்கள், இல்லாத குறையைத் தாமே உண்டாக்குகின்றனர். கவை வளைவதற்கு அத்தகைய உதையே ஒரு காரணமாகும்.

முளையும் துளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதும் ஒலிக்குக் காரணம். எடுத்துக்காட்டாக, முதல் கியரில் 12 பற்களுள்ள சக்கரம் 34 பற்களுள்ளதை இயக்குகிறது என்றும், இரண்டாம் கியரில் 17 பற்களுள்ளது 29 பற்களுள்ளதை இயக்குகிறது என்றும் கொள்வோம். விகிதங்கள் முறையே 2.83, 1.71 ஆகும். முதல் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்று சுற்றும்போது இரண்டாம் கியருக்கு மாற்றினால், வண்டியின் வேகம் மாறாதிருக்க, எஞ்சின் சுமார் 3,000 சுற்றுக்கு இறங்கவேண்டும். ஆக்சிலரேட்டரை மூடாமலே கியரை மாற்றுபவர் எஞ்சினை இறங்கவிடுவதில்லை. கிளச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் தயங்குபவர் அதனை அளவுக்குமேல் இறங்கவிடுகிறார். இருவருடைய வண்டியும் குலுங்கும்.

முதற்சோதனை

எஞ்சின் ஓடும்போது அகப்படாத நியூட்ரல், எஞ்சினை நிறுத்தி வண்டியை இலேசாக அசைத்தவுடன் எளிதில் அகப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். அகப்படுமாயின் கியர்ப் பெட்டியை ஐயுறவேண்டியதில்லை. கிளச்சு முழுமையாக விடுபடவில்லை என்பதே பொருள். நெம்புகோலைக் கைப்பிடியோடு சேர்த்து இழுத்த பின்னும் எஞ்சினின் விசையில் ஒரு பகுதி கசிந்து முளைகளை அழுத்திக்கொண்டிருக்கிறது. கிளச்சைப் பிடித்து முதல் கியர் போட்டவுடனேயே வண்டி முன்னோக்கித் தாவினால் இது உறுதியாகும்.

இதற்கு முதற்காரணம் கேபிளே. புதிய வண்டியில் கேபிளின் உறையும் முனைகளும் தத்தம் இடத்தில் படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்படுகிறது. படியப் படியத் தளர்வு மிகுகிறது. பல கையேடுகள் நெம்புகோலின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்கவேண்டும் என்று கூறும். சில கையேடுகள் நெம்புகோலின் அடிப்பகுதியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் என்று அளக்கச் சொல்லும். எந்த இடத்தில் அளக்கவேண்டும் என்பதைப் படித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் தவறிவிடுவார். தளர்வு மிகுந்தால் கிளச்சு முழுதும் விடுபடாது. தளர்வே இல்லாவிடில் கிளச்சு முழுதும் பற்றாமல் வழுக்கும், தகடுகள் விரைவில் தேயும். நியூட்ரல் எளிதில் விழவேண்டும் என்பதற்காகத் தளர்வே இல்லாமல் கேபிளை இறுக்கிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது முன்னைய குறையைவிடத் தீயது. சரிசெய்த பின் ஹாண்டில் பாரை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்து, தளர்வு மாறுகிறதா என்று காணல் வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தால் அடுத்து நோக்கவேண்டியது எண்ணெய். நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளச்சு, கியர்ப் பெட்டி ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. கிளச்சின் உராய்வுத் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பதால், இரவெல்லாம் நின்ற வண்டியில் அவை குளிர்ந்த எண்ணெயால் ஒட்டிக்கொள்ளும். காலையில் முதன்முதலாகக் கியர் போடும்போது ஒலி பெரிதாகக் கேட்பதன் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்ப அமைந்த எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள் பலவற்றில், குளிர்ந்த எஞ்சின் தானாகவே சற்று வேகமாக ஓடும். கிளம்புமுன் கிளச்சை நான்கைந்து முறை இழுத்துவிட்டு, எஞ்சினின் ஓட்டம் தணிந்த பின் கியர் போட்டால் ஒலி பெரிதும் குறையும்.

எண்ணெயின் பாகுத்தன்மை கையேட்டில் கூறியவாறே இருத்தல் வேண்டும். 10டபிள்யூ-30 என்று கூறியுள்ள வண்டியில், கெட்டியான எண்ணெய் நல்லது என்று எண்ணி 20டபிள்யூ-50 ஊற்றினால் குளிர்காலத்தில் கிளச்சு இழுபடும். கார்களுக்கென விற்கும் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. நனைந்த கிளச்சில் அவை வழுக்கலை உண்டாக்கும். ஆகவே புட்டியின்மேல் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்குக. முதற் சேவையில் எண்ணெயை மாற்றுவதைத் தள்ளிப்போடுதல் கூடாது. புதிய பற்சக்கரங்களும் முளைகளும் ஒன்றோடொன்று தேய்ந்து படியும்போது உதிரும் நுண்ணிய உலோகத்துகள் அவ்வெண்ணெயிலேதான் கலந்திருக்கின்றன.

மிதியும் காலும்

இரு கியர்களுக்கு இடையே வண்டி இழுவையற்றுப் போவதற்குப் பெரும்பாலும் மிதி முழுத்தொலைவு நகராமையே காரணம். மிதி ஒருவருடைய காலுக்கு ஏற்ற உயரத்தில் இல்லாவிடில், கணுக்கால் வளையும் அளவுக்குமேல் அதனைத் தூக்க இயலாது. மழைக்காலத்தில் தடித்த ரப்பர்க் காலணி அணிபவர் இதனை நன்கு உணர்வர். இணைப்புக்கோல் உள்ள வண்டிகளில் பூட்டு மரைகளைத் தளர்த்திக் கோலைத் திருகினால் மிதி உயரும் அல்லது தாழும். அம்மரைகளுள் ஒன்று பெரும்பாலும் இடப்புரி மரையாக இருக்கும் என்பதை நினைவில் கொள்க; அறியாமல் திருகி மரையைக் கெடுத்தவர் பலர். ஒருமுறை வண்டி இடப்புறம் விழுந்திருந்தால் மிதி வளைந்து எஞ்சினின் மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

பழைய வண்டியிலிருந்து புதியதற்கு மாறுபவர்கள் ஒன்றில் விழிப்பாக இருக்கவேண்டும். 100 சி.சி. அளவுள்ள வண்டிகள் பலவற்றில் நியூட்ரலிலிருந்து நான்கு கியர்களும் மிதியின் முன்பகுதியை அழுத்த அழுத்த வரிசையாக விழும். ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் முதல் கியர் மட்டுமே கீழே, மற்றவை மேலே. பழைய அமைப்புப் புல்லட்டிலோ மிதி வலக்காலில் இருந்தது. முதல் கியர் மேலே, ஏனைய மூன்றும் கீழே. பல்லாண்டு நான்கு கியர் வண்டி ஓட்டியவர் ஐந்து கியர் வண்டியில் இரண்டாம் கியரில் செல்லும்போது, மூன்றாவதை எண்ணிப் பழக்கத்தால் மிதியை அழுத்திவிட்டால் முதல் கியர் விழும். பின்சக்கரம் திடீரென்று தடைப்பட்டு, நனைந்த சாலையில் வண்டி சறுக்கும். வாங்கிய முதல் வாரம் ஆளற்ற சாலையில் பழகுவது வீண்வேலை அன்று.

சங்கிலியையும் மறத்தலாகாது. சங்கிலி மிகத் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வெட்டி இழுக்கும். அக்குலுக்கலைக் கியரின் குறையாகக் கருதுவோர் உண்டு. 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் பல வண்டிகளுக்குக் குறிக்கப்பட்ட அளவு. எஞ்சினை நிறுத்திய பின்னரே அளக்கவேண்டும்; வேட்டி, துப்பட்டா முதலியன சங்கிலிக்கு அருகில் செல்லாதிருக்கட்டும்.

கியர் போட்டவுடன் எஞ்சின் நின்றுவிடுகிறது என்ற முறையீடும் இப்பொழுது மிகுந்து வருகிறது. பக்கத் தாங்கி கீழே இருக்கும்போது வண்டி கிளம்பாதபடி தடுக்கும் மின்பொத்தான் புதிய வண்டிகளில் உள்ளது. வயற்சேறு அதன்மேல் படிந்து இறுகினால், தாங்கியை மடக்கிய பின்னும் அது கீழே இருப்பதாகவே வண்டி கொள்ளும். நீரூற்றிக் கழுவித் துடைத்தால் போதும்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னும் குறை நீங்காவிடில் அது எல்லாக் கியர்களிலும் உள்ளதா, ஒன்றில் மட்டுமா என்று காணவேண்டும். எல்லாவற்றிலும் இருப்பின் மீண்டும் கிளச்சையும் மிதியையுமே நோக்குக. குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் மேட்டில் சுமையோடு ஏறுகையில் தானே கழன்று விழுமாயின், அதன் முளைகளின் விளிம்பு மழுங்கியிருத்தலோ கவை வளைந்திருத்தலோ கூடும். இஃது உள்ளுறுப்பின் குறை. பொறுத்துக்கொண்டு ஓட்டுதல் தகாது. மலைச்சாலையில் இறங்கும்போது கியர் கழன்றால் எஞ்சினின் தடுப்புவிசை முழுதும் அற்றுப்போய்ப் பிரேக்கை மட்டுமே நம்பவேண்டி வரும். உத்தரவாதக் காலத்திற்குள் இருந்தால் வெளிப்பட்டறையில் எஞ்சினைப் பிளக்க இசையாமல், விற்பனையாளரின் சேவை நிலையத்திற்கே கொண்டு செல்லவேண்டும். அங்கே 'கியர் சரியில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவர். எந்தக் கியர், எஞ்சின் சூடேறிய பின்னரா முன்னரா, எந்த வேகத்தில், பின்னிருக்கையில் ஆள் இருந்தபோதா, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பின் முதலில் தோன்றிற்று என்பவற்றைப் பணிச்சீட்டில் எழுதச் செய்து, அதன் படியொன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்க.