வீட்டு வேலையா? தூண்டிலா?

ஞாயிற்றுக்கிழமை விடிகிறது.

வாசலில் சிமெண்டு மூட்டை கிடக்கிறது. புதிதாக எழுப்பிய சுற்றுச் சுவர் தண்ணீருக்குக் காத்து நிற்கிறது. மொட்டை மாடியில் ஒரு வெடிப்பு. சமையல் அறையில் குழாய் ஒழுகுகிறது.

கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது ஒரு தூண்டில் கழி.

எதை முதலில் எடுப்பது?

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். வீடும் வேண்டும். ஏரிக்கரையும் வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை!

வயலும் ஏரியும்

இருங்காட்டுக்கோட்டை, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த பகுதி இது. 1996-ம் ஆண்டு இங்கே கார் தொழிற்சாலை கட்டத் தொடங்கினார்கள். 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன.

பல மாவட்டங்களில் இருந்து இளைஞர்கள் வேலைக்கு வந்தார்கள். முதலில் வாடகை அறை. பிறகு ஒரு மனை. பிறகு கடன். பிறகு வீடு!

'வீட்டைக் கட்டிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். கட்டியாகிவிட்டது. அதைக் காப்பாற்றுவதுதான் இனிமேல் வேலை.

வாடகை வீட்டில் குழாய் உடைந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். இப்போது வீட்டுக்காரர் யார்? நாம்தான்!

அவளுக்கும் ஞாயிறுதானே?

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மனைவிக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இருவருக்கும் ஷிப்டு. இருவரும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகன் இருக்கிறான்.

கணவன் பிறந்தது கிராமத்தில். வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்துப் பழகிய கை. தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

"ஏங்க, மாடி ஒழுகுதுன்னு மூணு வாரமா சொல்றேன். மறுபடியும் ஏரிக்கா?" என்கிறாள் மனைவி.

"ஆறு நாளும் மெஷினோட நிக்கிறேன். ஒரு நாள் தண்ணி பக்கத்துல உட்காரக் கூடாதா?" என்கிறான் அவன்.

"நானும் ஆறு நாள் நிக்கிறேன். எனக்கு எப்ப ஞாயித்துக்கிழமை?"

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் தூண்டிலை எடுக்கக் கூடாது!

ஆனால் தூண்டிலை உடைத்துப் போடவும் வேண்டாம். வழி இருக்கிறது.

காத்திருக்காத வேலைகள்

வீட்டு வேலை எல்லாம் ஒரே மாதிரி அல்ல. காத்திருக்கும் வேலை உண்டு. காத்திருக்காத வேலையும் உண்டு.

சன்னலுக்கு வர்ணம் பூசுவது காத்திருக்கும். அலமாரிக்குக் கதவு போடுவதும் காத்திருக்கும்.

சிமெண்டு காத்திருக்காது. சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் குறைந்தது 10 நாள். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் வெயிலில் வெடிப்பு விழும். வலுவும் குறையும்.

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. சணல் சாக்கை நனைத்துச் சுவர் மேல் போர்த்திவிடுங்கள். ஈரம் சீக்கிரம் காயாது. அந்த நேரத்தில் ஏரிக்குப் போய் வரலாம்!

கொசுவும் காத்திருக்காது. சுவருக்கு ஊற்ற டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை கொசுவாக மாறிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்து, உட்புறம் தேய்த்துக் கழுவினால் போதும். கொசு பறக்காது. வாரம் ஒரு முறை என்பது ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்தமான வேலைதானே?

மாடி வெடிப்பு கோடையில் காத்திருக்கும். புரட்டாசிக்குப் பிறகு காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே வெடிப்பை அடைத்துவிட வேண்டும்.

மீன் வரும் நேரம்

மீனுக்கும் நேரம் உண்டு.

நண்பகல் வெயிலில் மேல் தண்ணீர் சுடும். மீன்கள் ஆழத்துக்கும் நிழலுக்கும் ஒதுங்கிவிடும். அப்போது கரையில் உட்கார்ந்தால் தலைவலிதான் மிச்சம்!

விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மீன்கள் கரையோரம் இரை தேடும். காலை 5.30 மணி முதல் 8 மணி வரை நல்ல நேரம்.

கணக்கு சரியாகிவிட்டது பாருங்கள். விடியற்காலை தூண்டிலுக்கு. 8 மணிக்கு மேல் வீட்டுக்கு. விடியும் முன்பே எழுந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சாக்கைப் போர்த்திவிட்டு, மகனையும் அழைத்துக்கொண்டு போகலாம். மனைவி நிம்மதியாக இன்னும் கொஞ்சம் தூங்கலாம். அது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை!

திரும்பி வந்து மீனைக் கழுவிச் சுத்தம் செய்வதும் பிடித்தவர் வேலைதான்.

இறகுத் தூண்டில்

தூண்டிலில் பல வகை உண்டு.

மேல்நாட்டில் மண்புழுவுக்குப் பதிலாக இறகைப் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. சின்ன முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, ஈ போலச் செய்துவிடுவார்கள். அதை ஓடும் தண்ணீரின் மேல் மெல்ல விழச் செய்வார்கள். உண்மையான பூச்சி என்று நினைத்து மீன் பாயும்.

இந்தக் கலை நம் நீலகிரிக்கும் வந்தது. டிரவுட் என்ற மீனுக்காக வெள்ளைக்காரர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். முதலில் செய்த முயற்சிகள் தோற்றன. பிறகு 1907-ம் ஆண்டு அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார்கள். டிரவுட் குளிர்ந்த, சுத்தமான ஓடையில்தான் வாழும். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது!

நம் பக்கத்து முறை வேறு. மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை. முள்ளில் மண்புழு அல்லது மாவு உருண்டை. மழை பெய்து கால்வாயில் புதுத் தண்ணீர் ஓடும்போது கெண்டை வரும். புல் அடர்ந்த ஓரத்தில் விரால் இருக்கும். ஜிலேபி மீன் எங்கும் உண்டு. அது ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது உண்டு. அது குத்தகைக்காரரின் பிழைப்பு. கேட்டுக்கொண்டு தூண்டில் போடுங்கள். மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மின்கம்பிக்குக் கீழே கழியை ஓங்காதீர்கள். இடி இடித்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.

ஓடை எங்கே தொடங்குகிறது?

இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "மலையில்" என்று சொல்லும்.

இருங்காட்டுக்கோட்டையில் மலை எங்கே இருக்கிறது? இங்கே ஓடை தொடங்குவது நம் மொட்டை மாடியில்!

மாடியில் விழும் மழை தெருவுக்கு வருகிறது. தெருவில் இருந்து கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் ஏரிக்குப் போகிறது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்ச் சேரும். அது சென்னை மக்கள் குடிக்கும் தண்ணீர்!

அப்படியானால் வீட்டு வேலையும் ஏரி வேலையும் வேறு வேறா? இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் சிமெண்டுச் சட்டியைக் கால்வாயில் கழுவுகிறோம். சிமெண்டுத் தண்ணீர் சுண்ணாம்பு போலக் காரமானது. சின்ன ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். வர்ணம் பூசிய பிரஷ் கழுவிய தண்ணீரும் அப்படித்தான் கெடுக்கும். இடித்த செங்கல்லையும் கலவையையும் கால்வாய் ஓரம் கொட்டினால் தண்ணீர் போகும் வழி அடைபடும்.

மூச்சு முட்டும் மீன்

கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுகிறோம். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்பது இல்லை. ஏரிக் கால்வாயில் கொட்டினால் என்ன ஆகும்?

கழிவு மக்கும்போது தண்ணீரில் உள்ள பிராண வாயு தீர்ந்துவிடும். இரவில் செடிகளும் பிராண வாயுவை வெளியிடுவது இல்லை. ஆகவே விடியும் நேரத்தில் மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைத் திறக்கும். விராலும் குரவையும் வெளிக்காற்றையும் சுவாசிக்கும். அவை தப்பிக்கும். கெண்டைக்கு அந்த வசதி கிடையாது.

மீன் வாயைத் திறந்து மிதப்பதை முதலில் பார்ப்பவர் யார்? விடியற்காலையில் கரையில் உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரர்தான்!

ஆகவே உரிமம் பெற்ற லாரியைத்தான் கூப்பிட வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறதா என்று கேட்க வேண்டும். தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். விஷ வாயு உயிரைக் குடித்துவிடும்.

ஒரு மாடி, ஒரு லட்சம் லிட்டர்

மழைநீர் சேகரிப்புத் தொட்டி தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டில் கட்டாயம் ஆயிற்று. பல வீடுகளில் குழாய் இருக்கிறது. ஆனால் குழாயின் வாயில் சருகு அடைத்துக் கிடக்கிறது!

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி மாடி. அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். இந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆக, ஒரு மாடியில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்! சருகை எடுத்துவிட அரை மணி நேரம் போதும்.

2015-ன் பாடம்

2015 டிசம்பர் மாதத்தை யாரும் மறக்க முடியாது. பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. வாழ்நாள் எல்லாம் சேர்த்துக் கட்டிய வீடுகள்!

மனை வாங்கும்போது பட்டா பார்க்கிறோம். வில்லங்கம் பார்க்கிறோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தோமா?

தூண்டில்காரருக்கு அது தெரியும். எந்தக் கால்வாய் எங்கே திரும்புகிறது, மழையில் எது நிரம்புகிறது, எந்த மதகு அடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர் வாரா வாரம் நடந்து பார்த்த விஷயம். அவர் சொல்வதைக் கேட்டால் தெருவே பிழைக்கும்.

கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாளில் இதை எழுந்து சொல்லலாம். "எங்கள் தெருக் கால்வாய் அடைந்திருக்கிறது. தூர் வாருங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டுமே!

மாலையில்...

ஞாயிற்றுக்கிழமை மாலை. வெயில் தாழ்ந்துவிட்டது.

மாடி வெடிப்பு அடைபட்டிருக்கிறது. குழாய் ஒழுகவில்லை. டிரம் கவிழ்ந்து காய்கிறது. சுவருக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. புளியும் மிளகாயும் கலந்த வாசனை தெருக்கோடி வரை போகிறது.

"அடுத்த வாரம் நானும் ஏரிக்கரைக்கு வர்றேன்" என்கிறாள் மனைவி.

"மாடிக் குழாய்ச் சருகை யார் எடுப்பாங்க?" என்கிறான் கணவன்.

"நான் எடுக்கிறேன் அப்பா. அந்தத் தண்ணிதானே நம்ம மீனுக்குப் போகுது?" என்கிறான் மகன்.

பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது!