கமிஷன் ஸ்டேட்மெண்ட்: ஓ.கே. சொன்னதும் பூட்டிவிடுங்கள்!

திருநெல்வேலியில் என் தாய்மாமா பிஸ்கட் ஏஜென்சி நடத்துகிறார். நான்கு சேல்ஸ்மேன்கள். சம்பளம் போக, விற்பனையில் 2 சதவீதம் கமிஷன். கணக்கெல்லாம் எக்செல்லில்தான். சென்ற பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது கடையில் ஒரே சத்தம்.

மாமா 3-ஆம் தேதி மொபைலில் பார்த்து ஓ.கே. சொன்ன டிசம்பர் ஸ்டேட்மெண்டில் ஒரு சேல்ஸ்மேனுக்கு 8,340 ரூபாய் இருந்தது. வங்கியில் ஏறியதோ 7,440. ஒரு கடையிலிருந்து திரும்பி வந்த 45,000 ரூபாய் சரக்கின் பில் 5-ஆம் தேதிதான் கணக்கர் கையில் கிடைத்திருக்கிறது. அதே ஃபைலைத் திறந்து 900 ரூபாயைக் கழித்துவிட்டார். கழித்தது சரிதான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, காட்டுனது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. நான் எதை நம்புறது?" என்றார் சேல்ஸ்மேன். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. அன்று மாலையே எக்செல்லில் செய்து கொடுத்தேன். நீங்களும் செய்யலாம்.

ஒவ்வொரு மாதத்திற்கும் தனி ஷீட். மேலே ஒரு செல்லில் 'நிலை'. அந்த செல்லைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் செல்லுங்கள். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் கொடுத்து, சோர்ஸ் கட்டத்தில் தயார், சேல்ஸ்மேன் பார்த்தார், ஒப்புதல், வழங்கியது என்று காற்புள்ளி இட்டு டைப் செய்யுங்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலாளிக்கு முன்பே சேல்ஸ்மேன் பார்த்துவிட வேண்டும். விடுபட்ட பில் அவருக்குத்தான் முதலில் தெரியும். கணக்குப் போட்டவரே ஒப்புதல் கொடுக்கவும் கூடாது.

ஒப்புதல் ஆனதும் ரிவ்யூ மெனுவில் புரொடெக்ட் ஷீட் கொடுத்து பாஸ்வேர்டு போடுங்கள். அது மாமாவிடம் மட்டும் இருக்கிறது. எக்செல்லில் எல்லா செல்களும் முன்பே 'லாக்டு' என்றுதான் இருக்கும். எனவே ஷீட் முழுவதும் பூட்டிக்கொள்ளும், 'நிலை' செல் உட்பட! பிறகு 'வழங்கியது' என்று மாற்ற வேண்டுமே? பூட்டுவதற்கு முன், அந்த செல்லில் மட்டும் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ், புரொடெக்‌ஷன் சென்று லாக்டு டிக்கை எடுத்துவிடுங்கள்.

இந்தப் பூட்டு கைதவறி மாற்றுவதைத்தான் தடுக்கும். வேண்டுமென்றே உடைக்க நினைப்பவருக்கு வழிகள் உண்டு. அதனால் சேவ் ஆஸ் மூலம் பி.டி.எஃப். ஆக்கி, முதலாளி, சேல்ஸ்மேன் இருவர் மொபைலுக்கும் அனுப்பிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்கள் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி பார்த்தால், யார், எப்போது மாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும்.

பூட்டிய பிறகு தவறு தெரிந்தால்? பழைய ஷீட்டைத் தொடாதீர்கள். அடுத்த மாத ஷீட்டில் தனி வரியாகப் போடுங்கள். மாமா அன்றே 900 ரூபாயைக் கையில் கொடுத்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஜனவரி ஸ்டேட்மெண்டில், 'டிசம்பர் சரக்கு திரும்பியது, கழிவு 900' என்று பில் எண்ணோடு ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அதே சேல்ஸ்மேன்.