இரண்டு நாள் கொடைக்கானல்

"கொடைக்கானலுக்குப் போய் வரலாமா?" என்று வீட்டில் யாராவது பேச்செடுத்த மாத்திரத்தில், குடும்பத் தலைவரின் முகத்தில் மேகம் கவிந்து விடுகிறது. அவர் மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்து விட்டார் என்பது தான் அதற்கு அர்த்தம். மோட்டார் வாடகை, ஹோட்டல் அறை, படகு, குதிரை, சாக்லேட், கம்பளி என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பார்க்கிறார். "அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம்" என்று தீர்ப்பும் சொல்லி விடுகிறார். அடுத்த வருஷம் என்பது பல வீடுகளில் பத்து வருஷமாக வந்து கொண்டே இருக்கிறது.

அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மலைவாசம் பணக்காரர் சமாசாரம் என்ற எண்ணத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மதுரைப் பிரதேசத்தில் ஊழியம் செய்ய வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் நோயால் ஒருவர் பின் ஒருவராக மாண்டு போகவே, எஞ்சியவர்கள் குளிர்ந்த இடம் தேடிப் புறப்பட்டார்கள். 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் கொண்டார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆங்கிலேய உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். பெரியகுளத்துக்கு அருகேயுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து பத்து மைலுக்கு மேல் செங்குத்தான மலைப் பாதை. துரையும் துரைசானியும் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். நம்மவர்கள் அந்த நாற்காலியைத் தோளில் சுமந்து கொண்டு ஏறுவார்கள். அந்தக் காலத்தில் கொடைக்கானலைப் பார்த்த தமிழர்களில் பெரும்பாலோர் இப்படித் தோளில் பாரத்துடன் பார்த்தவர்களே. முதல் உலக யுத்த காலத்தில் மோட்டார்ப் பாதை அமைந்த பிறகு தான் நாற்காலிச் சவாரி ஒழிந்தது.

இன்றோ அரசாங்க பஸ் அதே மலைமேல் எல்லோரையும் ஏற்றிக் கொண்டு போகிறது. ஆயினும் பழைய பயம் போகவில்லை. செலவெல்லாம் நாம் போகும் விதத்தில் இருக்கிறதேயன்றி, ஊரில் இல்லை என்பது நமது கட்சி. அந்த ஊரின் மிகச் சிறந்த பொருளுக்கு இன்றைக்கும் டிக்கட் கிடையாது. அது தான் ஏரி.

முதலில் பிரயாணம். சென்னைவாசிகள் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், சனிக்கிழமை பொழுது விடியுமுன் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். பஸ்ஸில் வத்தலக்குண்டு போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்தால் பகல் உணவுக்கு முன் ஊர் சேர்ந்து விடலாம். திரும்பும்போதும் அப்படியே: ஞாயிறு பிற்பகல் இறங்கினால் இரவு வண்டி, திங்கட்கிழமை காலை சென்னை. இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனித்தீர்களா? மூன்று இரவுகளில் இரண்டு ரயிலில் கழிந்து விடுகின்றன. அறை வாடகை ஒரே இரவுக்குத் தான். ஆனால் ஒன்று. 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாளைக்கு முன்பு தான் படுக்கை பதிய முடியும். சனி, ஞாயிறுக்கு ஒட்டிய இரவுகளில் படுக்கைகள் சீக்கிரமே தீர்ந்து போகும். ஆகவே முகூர்த்தம் குறிக்கிற மாதிரி முன்கூட்டியே நாள் குறித்துக் கொள்ள வேண்டும். மதுரை, திண்டுக்கல் வாசிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சனிக்கிழமை விடியற்கால பஸ் போதும். கோயமுத்தூர்ப் பக்கத்தார் பழனி வழியாக வரலாம். பழனியிலிருந்து மலைப் பாதை சுமார் 64 கிலோமீட்டர்.

சொந்த மோட்டாரில் போனால் என்ன என்று கேட்கலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் 2024 மே 7-ஆம் தேதி முதல் மலை ஏறும் வண்டிகளுக்கு 'இ-பாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோடை மாதங்களுக்கு ஒரு வரம்பும் கட்டிற்று: சாதாரண நாட்களில் 4,000 வண்டிகள், சனி, ஞாயிறுகளில் 6,000. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துக் கொண்டாலே 24,000 பேர் ஆகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி அந்த ஊரின் மொத்த ஜனங்களே சுமார் 36,500 பேர் தான்! குடிநீர், குப்பை, தெரு எல்லாம் என்ன பாடுபடும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். அரசாங்க பஸ்ஸில் போகிறவனுக்கு இந்தச் சீட்டும் வேண்டாம். மலைக்கு அவனால் பாரமும் குறைவு. சிக்கனமும் நல்ல குணமும் இப்படி ஒரே ஆசனத்தில் உட்காருவது உலகத்தில் அபூர்வம்.

எப்போது போவது? எல்லோரும் போகும் மே மாதத்தில் போகாதிருப்பதே பாதிச் செலவைத் தப்பித்தது போல. வைகாசி வெயிலுக்குப் பயந்து தமிழ்நாடே மலை ஏறும்போது அறை வாடகையும் கூடவே மலை ஏறி விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பலம். மலைப் பாதையில் மண் சரியவும் கூடும். தை, மாசியில் நல்ல குளிர், வானம் தெளிவு. ஆடி, ஆவணியில் மூடுபனியும் தூறலும் இருந்தாலும் கூட்டம் குறைவு. குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பது பெரிய சங்கடம் தான்; ஆனால் சனி, ஞாயிறுக்குப் பள்ளிக்கூடத்தின் தயவு வேண்டியதில்லையே! தங்குவதற்கு ஏரியைப் பார்த்த ஜன்னல் அவசியமில்லை. பஸ் நிலையத்துக்கும் ஏரிக்கும் இடையில் நடந்து போகக்கூடிய தூரத்தில் சுத்தமான அறையும், வெந்நீரும், ஆளுக்கொரு கனத்த கம்பளியும் கிடைத்தால் போதும். இந்த மூன்றையும் பணம் கட்டுமுன் நேரில் பார்த்துக் கொள்ள வேண்டும். "வெந்நீர் வரும்" என்ற வாக்குறுதி மட்டும் போதாது; குழாயைத் திறந்து பார்ப்பதே உசிதம்.

இனி ஏரி. பார்த்தவர்கள் பலரும் இது ஆண்டவன் படைப்பு என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் இது மனிதன் வெட்டிய ஏரி. சிற்றோடைகள் ஓடிக் கொண்டிருந்த சதுப்பு நிலத்தில், மதுரைக் கலெக்டராயிருந்த ஸர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகையும் கொண்டு வந்து விட்டார். நட்சத்திரம் போல் கைகளை நீட்டிக் கிடக்கும் அதன் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றி வரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். அந்தச் சாலை முழுவதையும் ஒரு முறை நடந்து வராதவர் கொடைக்கானலுக்குப் போய் வந்ததாகச் சொல்லிக் கொள்வதை நாம் ஒப்புக் கொள்ளப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்படுங்கள். அப்போது குதிரைக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள். சோளம் சுடும் அடுப்பு இனிமேல் தான் மூட்ட வேண்டும். நீரின் மேல் ஆவி எழுந்து மெல்ல நகர்ந்து கொண்டிருக்கும். ஒரு வளைவில் நின்று பார்த்தால் எதிர்க்கரை மரங்கள் தெரியும். அடுத்த வளைவுக்குப் போவதற்குள் அவை பனியில் மறைந்து போகும். நட்சத்திர வடிவமாதலால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு ஏரியைப் பார்ப்பது போல் தோன்றும். பாட்டிமார்களும் மெதுவாக நடக்கக்கூடிய சமனான பாதை இது. ஒன்றரை மணி நேரம் எடுத்துக் கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை.

படகு? அதற்குக் கட்டணம் உண்டு. இங்கே குடும்பத் தலைவருக்கு ஒரு வார்த்தை. சிக்கனம் என்ற பெயரால் குழந்தைக்குப் படகை மறுத்து விட்டு, மாலையில் ஹோட்டலில் ஆளுக்கொரு 'ஸ்பெஷல்' வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை அந்தப் படகை நாற்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்கும். துடுப்புப் படகில் ஒரு தடவை போய் வாருங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

ஏரிக்கரையை ஒட்டியே பிரையண்ட் பூங்கா இருக்கிறது. 1908-ல் தொடங்கியது, சுமார் 20 ஏக்கர். அங்கிருந்து நடை தூரத்தில் கோக்கர்ஸ் நடைபாதை. மலையின் விளிம்பில் 1872-ல் அமைத்த ஒரு கிலோமீட்டர்ப் பாதை அது. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் சொற்பமே. கோக்கர்ஸ் பாதைக்குக் காலையிலே போய்விட வேண்டும். பிற்பகலில் போனால் டிக்கட் வாங்கிக் கொண்டு மூடுபனியைப் பார்த்து விட்டு வரலாம்! தூண் பாறைகளுக்கும் இதே விதி தான்.

'பாயிண்ட்' என்று வண்டிக்காரர்கள் சொல்லும் இடங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அத்தனையையும் ஒரே நாளில் பார்த்து விட வேண்டுமென்று ஜனங்கள் துடிப்பது நமக்கு விளங்குவதேயில்லை. வண்டியில் வரிசையாகக் காத்திருந்து, இறங்கி, படம் பிடித்து, மீண்டும் ஏறிக் காத்திருப்பதற்கு மலை எதற்கு? குணா குகைக்கு 1991-ல் வெளிவந்த சினிமாவினால் பெயர் வந்தது. 2024-ல் இன்னொரு சினிமா வந்து கூட்டத்தை மறுபடியும் கூட்டி விட்டது. விஞ்ஞானத்தில் ருசியுள்ள பிள்ளைகள் இருந்தால் சூரிய ஆராய்ச்சி நிலையத்தைக் காட்டுங்கள். 1901 முதல் அங்கே சூரியனை நோக்கி வருகிறார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் வாயுக்கள் எப்படி ஓடுகின்றன என்பதை எவர்ஷெட் என்பவர் 1909-ல் கண்டுபிடித்ததும் அங்கே தான்.

ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் கால் வலித்தாலும் நடந்து போகச் சொல்லுவோம். ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயில் அது. யாழ்ப்பாணத் தமிழர் தலைவர்களில் ஒருவரான ஸர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவ சமயத்தைத் தழுவி, லீலாவதி என்று பெயர் பூண்ட ஐரோப்பிய வம்சத்து மாது 1936-ல் கட்டிய ஆலயம். துரைமார்கள் தங்கள் ஊர் போலவே அமைத்துக் கொண்ட மலையில், குறிஞ்சிக் கிழவனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது! வானம் தெளிந்த நாளில் கோயில் பக்கத்திலிருந்து வடக்கே பழனி மலை தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்த முறை 2030. இப்போதே உண்டியலில் போட ஆரம்பித்தால் அதற்கும் ஒரு நடை போய் வரலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளுக்குப் புளியோதரையும், மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே போதும். குளிரில் அவை கெடுவதுமில்லை. மற்ற வேளைகளுக்குப் பஸ் நிலையத்தருகே சிறு மெஸ்கள் இருக்கின்றன. தண்ணீருக்குப் பாட்டி காலத்துக் கூஜாவைத் தூசி தட்டி எடுத்துக் கொள்ளவும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை. வாங்கி வர வேண்டியது சாக்லேட் அல்ல, மலைப் பூண்டு. பூம்பாறை முதலிய மேல்மலைக் கிராமங்களில் விளைவது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் கீழ்நாட்டுப் பூண்டுக்கு வராது. மாதக் கணக்கில் கெடாமலும் இருக்கும்.

ஞாயிறு பிற்பகல் பஸ் இறங்கும்போது, ஊரிலிருந்து 8 கிலோமீட்டரில் வெள்ளி அருவியைப் பார்ப்பீர்கள். 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. காலையில் நீங்கள் சுற்றி வந்த அதே ஏரியின் தண்ணீர் தான் அது. ஊரின் அழுக்கையும் சேர்த்துக் கொண்டு வருகிறதாகையால் குளிக்க ஆசைப்பட வேண்டாம். பார்க்க மட்டும் செய்யலாம். வத்தலக்குண்டு சேரும்போது மறுபடியும் வியர்க்கத் தொடங்கும். கம்பளிகளைக் கழற்றி மடித்து வைத்து விட்டு, கொடைரோடு பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள். ரயிலுக்கு இன்னும் வேளை இருக்கிறது.