பர்ஸ் சின்னது, ஓட்டல் பெரிது!

நட்சத்திர ஓட்டலுக்குள் நுழைய என்ன வேண்டும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "பணம் வேண்டும், வேறென்ன?" என்று பளிச்சென்று பதில் வரும். பாதிதான் சரி. பணத்துக்கு முன்னால் வந்து வழி மறிப்பது கூச்சம். தலைப்பாகையும் மீசையுமாக வாசலில் நின்று சலாம் போடுகிறவரைப் பார்த்ததுமே, ஊரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பெண்ணுக்குக் கால் பின்வாங்குகிறது. 'என் செருப்பைப் பார்க்கிறாரோ? உள்ளே போய் என்ன கேட்பது? தண்ணீருக்கும் காசு உண்டோ?' கடைசியில், "எனக்குத் தலைவலி, நீங்கள் போய் வாருங்கள்" என்று சிநேகிதிகளிடம் சொல்லிவிட்டு, விடுதி அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறாள்.

அந்தத் தலைவலிக்கு மருந்து இருக்கிறது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் தைரியம். இரண்டும் சேர்ந்தால், மாணவியின் கைச்செலவுப் பணத்திலேயே செமஸ்டருக்கு ஒரு முறை பெரிய ஓட்டலில் கௌரவமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

மத்தியான வேளையின் மகிமை

ஓட்டல்காரர் பண்டத்தோடு நாற்காலியையும் சேர்த்தே விற்கிறார். குளிர்சாதனம், சமையற்காரர் சம்பளம், வெள்ளை மேஜை விரிப்புக்குச் சலவைக் கூலி எல்லாம் ஆள் வந்தாலும் ஆகும், வராவிட்டாலும் ஆகும். சனி, ஞாயிறு இரவுகளில் நாற்காலிகள் தாமாகவே நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவை காலியாகக் கிடக்கும். காலி நாற்காலியால் யாருக்கு லாபம்? அதனால்தான் பல பெரிய ஓட்டல்களில் வாரநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே விலை வைத்து, இரவு விலையைவிடக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அதே சமையலறை, அதே சர்வர், அதே வெள்ளித் தட்டு. விலை மட்டும்தான் வேறு.

இந்தத் தந்திரம் உலகப் பிரசித்தமானது 1992 ஜூலையில். நியூயார்க்கில் அப்போது ஜனநாயகக் கட்சியின் மாநாடு. ஊரெல்லாம் வெளியூர் விருந்தாளிகள். பெயர் பெற்ற உணவகங்கள் பல ஒன்று சேர்ந்து, சில நாட்களுக்கு மத்தியானச் சாப்பாட்டை 19 டாலர் 92 சென்ட்டுக்குக் கொடுத்தன. வருஷத்தையே விலையாக்கிய வேடிக்கை! வாசலைக் கூட எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சில நாள் கூத்தாகத் தொடங்கியது நிரந்தர வழக்கமாகிவிட்டது. பிறகு இந்திய நகரங்களுக்கும் அது பரவியது.

மத்தியானம் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம். இரவு ஆட்டோவுக்கு அழ வேண்டாம். விடுதி வார்டனுக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

மாணவர் கைப்பக்குவம்

இன்னொரு வழியும் உண்டு. லண்டனில் வின்சென்ட் சதுக்கத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஓட்டல் தொழிலை அங்கே 1910 முதல் கற்பித்து வருகிறார்கள். மாணவர்களே சமைத்து மாணவர்களே பரிமாறும் உணவகத்தில் வெளியாரும் போய்ச் சாப்பிடலாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிப்பதால் உப்பு, காரம் தப்பாது. விலையோ பெரிய உணவகங்களைவிடக் குறைவு. பரிமாறுகிற பையனுக்குக் கை நடுங்கினால் நாம் சிரித்துத் தைரியம் சொல்லலாம்.

சென்னையிலும் ஓட்டல் நிர்வாகம் கற்பிக்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் மாணவர்கள் அவ்வப்போது உணவு விழா நடத்துவதுண்டு. அறிவிப்பைக் கவனித்து வைத்தால், பெரிய ஓட்டலில் நாளைக்குச் சமைக்கப் போகிறவர்களின் கைப்பக்குவத்தை இன்றைக்கே சுவைத்துவிடலாம்.

பில்லில் ஒளிந்திருப்பவை

இனி, மாணவியின் வயிற்றைக் கலக்கும் விஷயத்துக்கு வருவோம். விலைப்பட்டியலில் 1,000 ரூபாய்க்குப் பண்டங்களைத் தேர்ந்தெடுத்ததாக வைத்துக் கொள்ளுங்கள். பட்டியலின் அடியில் எறும்பு எழுத்தில் 'வரிகள் தனி' என்று இருக்கும். பொதுவாக, தனியாக நடக்கும் உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகள் உள்ள ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவிகிதம். ஆக, ஆயிரம் ரூபாய்ச் சாப்பாடு வெளியே 1,050, நட்சத்திர ஓட்டலில் 1,180.

அதோடு நின்றால் பரவாயில்லை. 'சர்வீஸ் சார்ஜ்' என்று 10 சதவிகிதம் போட்டுவிட்டால், அந்த 100 ரூபாய்க்கும் சேர்த்து வரி விழும். மொத்தம் 1,298! ஆனால் சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. உணவகங்கள் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. உணவக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆணையம் சொன்னது செல்லும் என்று டில்லி உயர்நீதி மன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பில்லில் அந்த வரி இருந்தால், "இதை எடுத்துவிடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நன்றாகப் பரிமாறிய சர்வருக்கு நாமே மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம். அது அவர் கைக்கே போய்ச் சேரும்.

அடுத்தது தண்ணீர். உட்கார்ந்ததுமே சர்வர் புட்டியைத் திறக்கத் தயாராக நிற்பார். கடையில் வாங்குகிற விலை என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். புட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம் என்று 2017ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. "சாதாரணத் தண்ணீர் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, சர்வர் வாயால் சொல்லும் 'இன்றைய விசேஷம்'. அதற்குப் பட்டியலில் விலை இருக்காது. மீன், நண்டு வகைகளுக்குச் சில இடங்களில் அன்றைய சந்தை விலைதான். "என்ன விலை?" என்று கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கத்தரிக்காய்க்காரியிடம் கேட்கிறோமே!

சுருக்கமாக, கையில் 1,300 ரூபாய் இருந்தால் பட்டியலில் 1,000 ரூபாயைத் தாண்டாதீர்கள். பில் வரும்போது நெஞ்சு படபடக்காது.

எதைச் சாப்பிடுவது?

வீட்டில் கிடைக்காததைச் சாப்பிடுங்கள். அம்மா வார்க்கும் தோசையைப் பத்து மடங்கு விலை கொடுத்து நட்சத்திர ஓட்டலில் தின்பானேன்? அடுப்பில் மணிக்கணக்காக வேக வேண்டியது, நம் வீட்டில் இல்லாத தந்தூர் அடுப்பு கேட்பது, பெயரே புதிதாக இருப்பது ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். சூப் என்றால் இருவராகச் சேர்ந்து 'ஒன் பை டூ' கேட்கலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு 'பஃபே' நல்லது. விலை முன்கூட்டியே தெரியும். பெயர் தெரியாத பண்டத்தைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். ஆனால் வெறும் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகே எடுக்க வேண்டும். வாசலிலேயே ரொட்டியையும் சோற்றையும் நிரப்பிக் கொண்டவர்கள், கடைசி மேஜையில் இனிப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

கிண்டியில் கிராண்ட் சோழா ஓட்டலுக்குள் 2017ல் 'ஆவர்த்தனா' என்ற உணவகம் வந்தது. நம் தென்னாட்டுச் சமையலையே புது வேஷம் போட்டு, ஏழு முதல் பதின்மூன்று பண்டங்கள்வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுகிறார்கள். ரசம்கூடக் கண்ணாடிக் கோப்பையில் வரும்! அதையெல்லாம் முதல் சம்பளத்துக்கு வைத்துக் கொள்ளட்டும். அதுவரை பெரிய ஓட்டல்களின் கேக் கடையை எட்டிப் பார்க்கலாம். சில இடங்களில் இரவு நெருங்கும் நேரத்தில் அன்றைய கேக்குகளை விலை குறைத்துக் கொடுப்பதுண்டு.

சிநேகிதமும் பில்லும்

மாணவிகளை அதிகம் நோகடிப்பது ஓட்டல் பில் அல்ல, அதைப் பங்கு போடும் விதம். ஐந்து பேர் போகிறார்கள். நாலு பேர் இறால், கேக், ஐஸ்கிரீம் என்று வெளுத்து வாங்குகிறார்கள். ஒருத்தி மட்டும் சூப்போடு நிறுத்திக் கொள்கிறாள். பில் 6,000 வந்ததும், "ஆளுக்கு 1,200" என்று ஒரு குரல் எழுகிறது. சூப் குடித்தவள் வாய் திறப்பதில்லை. அந்த மாதம் முழுவதும் இரவில் பன்னும் டீயும்தான் அவளுக்கு. அம்மா அனுப்பிய பணம் போன கதை அம்மாவுக்குத் தெரியாது.

பிறந்தநாள் 'ட்ரீட்' என்ற வழக்கமும் இப்படித்தான். பிறந்தவளே எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டுமாம்! கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் கடன் கிடைக்கிற காலம் இது. தின்றது அன்றோடு மறந்துவிடும். வட்டி மறக்க விடாது.

இதற்கு ஒரே மருந்து, உட்காரும்போதே, "எனக்குத் தனி பில் போடுங்கள்" என்று சிரித்துக் கொண்டே சொல்வது. முதலில் சொன்னால் சகஜமாகிவிடும், கடைசியில் சொன்னால் சண்டையாகும். சிநேகிதிகளில் வசதியுள்ளவளே முந்திக் கொண்டு, "அவரவர் பில் அவரவருக்கு" என்று சொன்னால் அதைவிடப் பெரிய விருந்து வேறில்லை.

கூச்சத்துக்கு விடை

போவதற்கு முன் டெலிபோனில் மூன்று கேள்வி கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன விலை? வரி சேர்த்தா, தனியா? உடை விஷயத்தில் நிபந்தனை உண்டா? கேள்விக்குக் காசில்லை.

மேஜையில் முள்கரண்டி வரிசையாக இருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே எடுத்துக் கொண்டு போங்கள். கத்தியையும் முள்ளையும் தட்டில் சேர்த்து வைத்தால், சாப்பிட்டாயிற்று என்று சர்வருக்குப் புரியும். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர் கிண்ணம் வந்தால் அது ரசமல்ல, விரல் கழுவ. சாதமும் சப்பாத்தியும் கையால் சாப்பிட்டால் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். தனியாகப் போகும் பெண்ணும் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

சென்னை மாணவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கதீட்ரல் ரோட்டில் 1962ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் கார்க்காரர்களுக்குக் காருக்கே தட்டு வரும். காரில்லாத மாணவர்கள் உள்ளே ஒரு காபியை வைத்துக் கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எழுப்பியதில்லை. 2008ல் அது மூடப்பட்டு, இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பெரிய ஓட்டலுக்குப் போய் வந்தேன் என்றால் உடனே கோபித்துக் கொள்ளாதீர்கள். எவ்வளவு ஆயிற்று, எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேளுங்கள். வேலைக்குப் போனபின் நாலு பேர் நடுவே அந்த மேஜையில் அவள் நிமிர்ந்து உட்கார வேண்டாமா? அதற்கு இதுதான் ஒத்திகை. கூடவே, "நம் வீட்டு ரசம் மாதிரி இருந்ததா?" என்றும் கேட்டு வையுங்கள். அவள் சொல்லும் பதில் உங்களுக்கே தெரியும்!