மோட்டாரை மாற்றுமுன் குழாயைக் கணக்கிடுங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், போளூர், தண்டராம்பட்டு வட்டாரங்களில் பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகளை நம்பிச் சிறு உழவர்கள் பலர் மல்லாட்டையும் கரும்பும் பயிரிடுகின்றனர். கிணறு ஓரிடம், கொல்லை வேறிடம் என்பதால் தண்ணீரைக் குழாய் மூலம் நெடுந்தூரம் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. குழாயின் கடைசியில் நீர் குறைவாக விழுந்தால் உடனே பெரிய மோட்டார் வாங்கத் துணிகின்றனர். ஆனால் குறை பல இடங்களில் குழாயில்தான் இருக்கிறது.

குழாயில் ஓடும் நீர் அதன் உட்சுவரில் உராய்கிறது. அதைச் சமாளிக்க மோட்டாரின் சக்தியில் ஒரு பகுதி செலவாகிறது. இதுவே உராய்வு இழப்பு. நீரைக் கூடுதலாக எத்தனை மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு இது சமம் என்று கணக்கிடுவது வழக்கம்.

முதலில் நீரின் அளவை அறிய வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர் வருகிறது என்று பொருள். இந்த அளவு நீர் 100 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயில் ஓடும்போது, 63 மி.மீ. குழாயில் சுமார் 5 மீட்டரும், 75 மி.மீ. குழாயில் 2 மீட்டருக்குச் சற்று மேலும், 90 மி.மீ. குழாயில் 1 மீட்டருக்கும் குறைவாகவும் இழப்பு ஏற்படும்.

உதாரணமாக, கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை உயரம் 15 மீட்டர், குழாயின் நீளம் 300 மீட்டர் என்று கொள்வோம். 63 மி.மீ. குழாயில் உராய்வு இழப்பே 15 மீட்டர். மோட்டார் மொத்தம் 30 மீட்டருக்குத் தள்ள வேண்டும். அதாவது பாதி சக்தி வீண். 75 மி.மீ. குழாய் என்றால் மொத்தம் சுமார் 22 மீட்டர் போதும்.

பெரிய மோட்டார் பொருத்தி அதே குழாயில் இரு மடங்கு நீரை ஓட்ட முயன்றால், இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் உயரும். மோட்டாருக்குப் போட்ட பணம் உராய்விலேயே கரையும்.

தமிழகத்தில் 1990 முதல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசம். ஆயினும் நட்டம் இல்லை என்று எண்ணலாகாது. ஓர் ஏக்கரில் 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் பாய்ச்ச, விநாடிக்கு 5 லிட்டர் வீதம் சுமார் 11 மணி நேரம் ஆகும். 4 லிட்டராகக் குறைந்தால் 14 மணி நேரம் ஆகும். டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு இது கைப்பணமாகவே போகும்.

ஏற்கெனவே புதைத்த குழாயைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அதன் அருகே அதே அளவில் இன்னொரு குழாய் பதித்து நீரை இரண்டாகப் பிரித்து விட்டால், மேற்சொன்ன 15 மீட்டர் இழப்பு சுமார் 4 மீட்டராகக் குறையும். தேவையற்ற திருப்பங்களைத் தவிர்க்க வேண்டும். திருப்பம் அவசியமான இடத்தில் எல்போவுக்குப் பதில் வளைவான பெண்டு பொருத்துவது நல்லது. புட்வால்வில் அடைப்பு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகக் குழாய் வாங்குவோர் நீரின் அளவு, குழாயின் நீளம், ஏற்ற வேண்டிய உயரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஆலோசனை பெற்ற பிறகே கடைக்குச் செல்வது நலம்.